முகூர்த்தப் பட்டின் சிவப்பை ஹிஸ்டோகிராம் மறைக்கும்

முகூர்த்த மேடையில் பாதி வெள்ளைதான். மாப்பிள்ளை, அவர் அப்பா, மாமா என்று எல்லாரும் வேட்டி சட்டையில் இருப்பார்கள். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டருக்கோ வேட்டி எது, கோட் எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் ஏறக்குறைய 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வேட்டி அழுக்காகத் தெரியும், முகம் கறுத்துவிடும். மாலை ரிசப்ஷனில் கறுப்பு கோட் வந்ததும் அதே மீட்டர் முகத்தை வெளுக்க வைக்கும்.

கையில் பிடிக்கும் லைட் மீட்டருக்கு இந்தக் குழப்பம் இல்லை. அது ஆள்மேல் விழும் ஒளியை அளக்கிறது. வெள்ளைக் குமிழை முகத்தருகே வைத்து, கேமராவைப் பார்த்துத் திருப்பினால் போதும். தாலி கட்டும் நேரத்தில் யாரும் அதற்கு விடமாட்டார்கள், அதனால் லைட் செட் பண்ணும்போதே உதவியாளரை மணையில் உட்காரவைத்து அளந்துவிடுங்கள். கை மீட்டர் இல்லையா? அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை, கேமராவில் சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது ஒளியை இரண்டு மடங்காக்குங்கள். மேனி எந்த நிறமானாலும் உள்ளங்கை அவ்வளவாக மாறாது.

அப்புறம் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டு எவ்வளவு என்று இடது பக்கமும் வெளிச்சம் எவ்வளவு என்று வலது பக்கமும் கேமரா காட்டும் வரைபடம். நடுவில் மலைபோல இருந்தால் சரி என்று பலர் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வலது ஓரத்தில் முட்டி, விவரம் இல்லாமல் வெளுத்துப்போவது எது என்பதுதான் கேள்வி. பின்னால் தொங்கும் சீரியல் பல்பு என்றால் முட்டட்டும். வேட்டி மடிப்பு என்றால் குறைக்க வேண்டும்.

ஏமாறுவது சிவப்புப் பட்டில்தான். சாதாரண ஹிஸ்டோகிராம் பச்சைக்கே அதிக மதிப்பு கொடுத்துக் கணக்கிடுகிறது. மஞ்சள் விளக்கில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்தாலும் அந்த வரைபடம் சாதுவாக நடுவில் நிற்கும். வீட்டில் வந்து பார்த்தால் புடவையில் மடிப்பும் இல்லை, நெசவும் இல்லை, சிவப்புப் பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கும். மெனுவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வையுங்கள். சிவப்பு முட்டினால் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ ஸ்டாப் இறக்குங்கள்.

இன்னொன்று: சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுத்தாலும் ஹிஸ்டோகிராம் வருவது கேமரா தயாரிக்கும் ஜேபெக் படத்திலிருந்து. அந்த ஜேபெக்கின் தோற்றத்தை முடிவு செய்யும் பிக்சர் ஸ்டைலில் கான்ட்ராஸ்டும் நிறமும் ஏற்றி வைத்திருந்தால், ராவில் இன்னும் இடம் இருக்கும்போதே முட்டிவிட்டதாகக் காட்டும். நியூட்ரலில் வைத்துவிடுங்கள். திரையில் படம் டல்லாகத் தெரியும். பெண் வீட்டார் எட்டிப் பார்த்து முகம் சுளித்தால், ஆல்பத்தில் வேறு மாதிரி வரும் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான்.