98 வார்த்தைக்கு 16 மணி நேரம்

"மின்சாரம் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 வார்த்தைத் தந்தி போய்ச் சேர ஏன் 16 மணி நேரம் ஆனது?" என்று இயற்பியல் படிக்கும் ஒரு மாணவர் கேட்டு எழுதியிருந்தார். அருமையான கேள்வி. 1850களில் இதே கேள்வியில்தான் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கேபிள் போட்ட கம்பெனி முதலில் தப்பான ஆளின் பேச்சைக் கேட்டது.

முன்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1858 ஆகஸ்ட் 5 அன்று, அயர்லாந்தின் வாலன்ஷியா தீவையும் வட அமெரிக்கக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து அட்லாண்டிக் கடலடியில் முதல் கேபிள் போட்டு முடித்தார்கள். முழுக் கேபிளையும் ஒரே கப்பலில் ஏற்ற முடியாது. அதனால் அகமெம்னான், நயாகரா என்ற இரண்டு போர்க்கப்பல்கள் ஆளுக்குப் பாதியாகச் சுமந்துகொண்டு நடுக்கடலுக்குப் போய், அங்கே இரண்டு முனையையும் இணைத்து, ஆளுக்கொரு திசையில் இறக்கிக்கொண்டே கரைக்குப் போயின. அதற்கு முன் அறுந்த தடவைகள் பல. ஆகஸ்ட் 16 அன்று ராணியின் செய்தி போனது. நியூயார்க்கில் ஒரே கொண்டாட்டம். வாணவேடிக்கையில் நகர மண்டபத்தின் கூரையே தீப்பிடித்தது. மீந்துபோன கேபிளைத் துண்டு துண்டாக வெட்டி டிஃபனி நகைக்கடை ஞாபகப்பொருளாக விற்றது. செப்டம்பர் பிறந்தபோது கேபிள் பேச்சை நிறுத்திவிட்டது.

அந்தச் சில வாரங்களில் அது உருப்படியாகச் செய்த ஒரு காரியம் நம் பக்கத்தோடு சம்பந்தப்பட்டது. 1857 கிளர்ச்சியை அடக்க ஆள் போதாமல், கனடாவில் இருந்த இரண்டு படைப்பிரிவுகளைக் கப்பலேறச் சொல்லியிருந்தது லண்டன். அதற்குள் நிலைமை மாறிவிட்டது. 'வர வேண்டாம்' என்று இரண்டு தந்திகள் போயின. ஏறக்குறைய 50,000 பவுண்டு மிச்சம் என்று அப்போதே கணக்குப் பார்த்தார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். சாவியை அழுத்தினால் மின்சாரம் பாயும், மறுமுனையில் ஒரு மின்காந்தம் 'டக்' என்று இரும்பை இழுக்கும் என்பது பள்ளிக்கூடத் தந்தி. கம்பத்தில் தொங்கும் கம்பிக்கு அது போதும். கடலுக்குள் போகும் கம்பியின் உடம்பே வேறு. நடுவில் ஏழு செம்பு இழைகளை முறுக்கிய ஒரு கயிறு, அதன்மேல் மூன்று அடுக்கு கட்டாபெர்ச்சா, அதற்கும் மேல் தாரில் தோய்த்த சணல், வெளியே இரும்புக் கம்பிக் கவசம்.

கட்டாபெர்ச்சா மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி இளகும், ஆறினால் கெட்டியாகும். ரப்பர் கடலடியில் உளுத்துப்போகும், இது போகாது. போன வருடம் எனக்குப் பல்லில் வேர் சிகிச்சை செய்தபோது, இளஞ்சிவப்பாக ஊசிபோல ஒரு குச்சியை மருத்துவர் எடுத்தார். என்ன அது என்று வாயைத் திறந்தபடியே கேட்டு வைத்தேன். கட்டாபெர்ச்சாதான். அட்லாண்டிக்கில் கிடந்த சரக்கு இப்போது என் கடைவாயிலும் இருக்கிறது.

உள்ளே செம்பு, நடுவில் மின்சாரம் கடத்தாத ஓர் உறை, வெளியே உப்புத் தண்ணீர். இரண்டு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்புப் பொருள் என்றால் அதற்குப் பெயர் மின்தேக்கி. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு மின்தேக்கியைத் தெரியாமலேயே கடலில் போட்டுவிட்டார்கள். தெரியாமல் என்று சொல்வதும் சரியில்லை, 1854லேயே விஞ்ஞானி ஃபாரடே இதைச் சுட்டிக்காட்டியிருந்தார்.

காய்ந்து கிடக்கும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமடையில் ஷட்டரைத் தூக்கியதும் தண்ணீர் பாய்கிறது. ஆனால் வழியெல்லாம் மண் குடித்துக்கொண்டே இருக்கிறது. கரை நனைந்து, பள்ளம் நிரம்பி, அப்புறம்தான் கடைமடைக்கு ஒரு கசிவு எட்டும், பிறகு மெதுவாக மட்டம் ஏறும். ஷட்டரை இறக்கிய பிறகும் வழியில் தேங்கியது வடிந்துகொண்டே இருக்கும். இப்போது ஷட்டரைச் சட்டுச் சட்டென்று மூன்று தடவை திறந்து மூடினால் கடைமடைக்காரருக்கு என்ன தெரியும்? மூன்று அலை தெரியாது. மந்தமாக ஒரே ஒரு ஏற்றம், ஒரே ஒரு இறக்கம், அவ்வளவுதான். கேபிளில் மின்சாரத்துக்கு நடந்ததும் இதுவே. முதல் துளி சீக்கிரம் வந்துவிடும். மட்டம் ஏறத்தான் நேரமாகும். தந்தி எழுத்துகள் புள்ளியும் கோடுமான குறிகளாகப் போகும்; அடுத்த புள்ளியை முன்கூட்டியே அனுப்பினால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) இதற்குக் கணக்குப் போட்டார். கேபிளின் நீளம் இரட்டித்தால் மின்தடை இரட்டிக்கும், தேக்கும் அளவும் இரட்டிக்கும். ஆக, தாமதம் நான்கு மடங்கு. டோவரிலிருந்து கலே வரை போட்ட கேபிள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதே மாதிரிக் கேபிளை 80 மடங்கு நீட்டினால் தாமதம் 80 மடங்கு ஆகாது, 6,400 மடங்கு ஆகும்.

கம்பெனியின் மின்துறைக்குப் பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், பிரைட்டன் ஊரின் அறுவை மருத்துவர். சோதனைகளில் கெட்டிக்காரர், கணிதத்தில் நம்பிக்கை இல்லாதவர். தாம்சனின் இந்த வர்க்க விதியை வகுப்பறைக் கற்பனை என்று தள்ளிவிட்டார். தண்ணீர் வரவில்லையா, இன்னும் வேகமாகத் தள்ளு என்பது அவர் வழி. மின்னழுத்தத்தைக் கூட்டித்தரும் ஐந்து அடி நீளத் தூண்டு சுருள்களை வைத்துக்கொண்டு 2,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தார். கேபிளும் நல்ல ஆரோக்கியத்தில் இல்லை. வெயிலில் கிடந்து கட்டாபெர்ச்சா இளகி, சில இடங்களில் செம்பு நடுவைவிட்டு ஒதுங்கியிருந்தது. நோயாளியின் தலையில் இடியை இறக்கியது போல ஆயிற்று.

தாம்சன் யோசித்தது நேர் எதிராக. கடைமடையில் மட்டம் நிரம்பும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் கசிவு வரும் கணத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டால்? அப்போது சிறிதளவு அனுப்பினால் போதும், வாய்க்காலை நிரப்பவே வேண்டாம், சீக்கிரம் நிறுத்திவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகலாம். மின்சாரத்தைக் கூட்டாமல் கண்ணைக் கூர்மையாக்குவது.

அவர் செய்த கருவி கண்ணாடிக் கால்வனோமீட்டர், மிகச் சிறிய மின்சாரத்தையும் காட்டிக்கொடுக்கும் கருவி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று. அதன் முதுகில் கடிகார வில்லிலிருந்து ஒடித்த காந்தத் துணுக்குகள். எல்லாம் சேர்ந்து ஒரு குன்றிமணி எடைகூட இல்லை. அதை ஒற்றைப் பட்டிழையில் தொங்கவிட்டு, சுற்றிலும் மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றிய சுருள். கேபிள் வழியாக வரும் மின்சாரம் சுருளில் ஓடினால் காந்தம் இம்மியளவு திரும்பும், கூடவே கண்ணாடியும்.

அந்த இம்மியை எப்படிப் பார்ப்பது? முள் ஒன்றை ஒட்டலாம். ஆனால் முள்ளுக்கு எடை உண்டு. எடை இருந்தால் தயக்கம் உண்டு, திரும்பச் சோம்பும், நிறுத்தினால் ஆடும். தாம்சன் ஒளியையே முள்ளாக்கினார். ஒரு விளக்கிலிருந்து கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து, எதிரே உள்ள அளவுகோலில் பொட்டாகப் பதியும். கண்ணாடி அரை பாகை திரும்பினால், பிரதிபலிப்பு விதிப்படி கதிர் ஒரு பாகை திரும்பும். அளவுகோல் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் பொட்டு 17 மில்லிமீட்டர் நகரும். இன்னும் பெரிதாக வேண்டுமா, அளவுகோலைத் தள்ளி வையுங்கள். முள்ளின் நீளம் கூடியது, எடை கூடவே இல்லை. அவருடைய ஒற்றைக் கண்கண்ணாடி கயிற்றில் ஆடி சுவரில் வெளிச்சத்தை ஓடவிட்டபோதுதான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது.

நேர்மின்சாரம் வந்தால் பொட்டு ஒரு பக்கம், எதிர்மின்சாரம் வந்தால் மறு பக்கம். ஒரு பக்கம் புள்ளி, மறு பக்கம் கோடு. எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்ததுதான். கேபிள் முழுதாக வடிவதற்குள் அடுத்த குறி வந்துவிடுவதால் பொட்டு நடுவுக்குத் திரும்பவே திரும்பாது. எங்கோ ஓரத்தில் அலைந்துகொண்டே இருக்கும். தேர்ந்த குமாஸ்தா அது எங்கே நிற்கிறது என்று பார்க்கமாட்டார், எந்தப் பக்கம் துள்ளியது என்று மட்டும் பார்ப்பார். இருட்டு அறையில் ஒருவர் பொட்டையே பார்த்து எழுத்துகளைச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். மனிதக் கண்ணையே கருவியின் கடைசி உறுப்பாக்கிவிட்டார் தாம்சன்.

பி.எஸ்சி. படித்தபோது எங்கள் ஆய்வகத்திலும் விளக்கும் அளவுகோலுமாக இப்படி ஒரு கருவி இருந்தது. திரைச்சீலை கிழிந்த 'இருட்டறை'. வெளியே பேருந்து போனால் பொட்டு நடுங்கும். பக்கத்தில் நின்ற நண்பன் சாவிக்கொத்தை ஆட்டினாலும் நகரும். பதிவேட்டில் அளவு சரியாக வருவதற்காக நாங்கள் செய்த தில்லுமுல்லை இங்கே எழுதமாட்டேன். ஒன்று சொல்லலாம்: இவ்வளவு தவம் இருந்தால்தான் ஒரு காந்தம் இம்மியளவு அசைந்ததைப் பார்க்க முடிந்தது. கையில் காந்தக் காப்பு மாட்டினால் ரத்தம் சீராகும் என்று விற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அறை ஞாபகம் வரும்.

16 மணி நேரத்துக்கு வருகிறேன். வைட்ஹவுஸின் சொந்தக் கருவி கடலைத் தாண்டி வந்த குறிகளைப் படிக்கவே இல்லை. தாம்சனின் கண்ணாடியில் வாசித்துவிட்டு, தன் கருவி பதிந்ததுபோல நாடாவில் அடித்துக் காட்டினார் என்பது பிறகு தெரியவந்தது. ஊனமான கேபிள், குழம்பிய குறிகள், 'திரும்பச் சொல், மெதுவாகச் சொல்' என்று இரு கரையும் மாறி மாறிக் கேட்டது எல்லாம் சேர்ந்துதான் அந்த நேரம். அதே மாதம் வைட்ஹவுஸை வேலையைவிட்டு நீக்கினார்கள். முன்பு கேபிள் போடப் போனபோதும் உடல்நலத்தைக் காரணம் சொல்லி அவர் கரையிலேயே இருந்துவிட, அவருக்குப் பதிலாக ஒரு காசு வாங்காமல் அகமெம்னானில் புயலைத் தாங்கிப் போய் வந்தவர் தாம்சன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இந்தியாவுக்கென்று செங்கடல் வழியாகக் கராச்சி வரை போட்ட இன்னொரு கேபிளும் 1860க்குள் படுத்துவிட்டது. அரசு ஜாமீன் நின்றிருந்ததால், பேசாத கம்பிக்கு 50 வருடம், வருடத்துக்கு 36,000 பவுண்டு கட்ட வேண்டி வந்தது. ஆனால் மூடி மறைக்கவில்லை. அரசும் அட்லாண்டிக் கம்பெனியும் சேர்ந்து ஒரு குழுவை உட்காரவைத்து, சாட்சிகளைக் கூப்பிட்டு, வைட்ஹவுஸையும் பேசவைத்து, எது எங்கே பிசகியது என்பதை 1861ல் தடித்த அறிக்கையாக அச்சிட்டுவிட்டார்கள். செம்பின் தரத்தை அளக்கப் பொதுவான அலகுகூட இல்லை என்பது உறைத்ததும், அதே வருடம் தாம்சனின் முயற்சியில் மின் அலகுகளுக்கென்று விஞ்ஞானிகளின் அமைப்பான பிரிட்டிஷ் சங்கம் ஒரு குழு போட்டது. நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் ஓம், வோல்ட் எல்லாம் அங்கே உருப்பெற்றவை. நம் ஊரில் கட்டடத்துக்கும் இறக்குமதிக் கருவிக்கும் ஆராய்ச்சிப் பணம் கிடைக்கிறது. தோற்ற திட்டம் ஏன் தோற்றது என்று எழுத யாரும் பணம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

1866 ஜூலையில் கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சதக் கப்பல் தடித்த செம்புள்ள புதுக் கேபிளை முழுசாகச் சுமந்து வந்து கரை சேர்த்தது. நிமிடத்துக்கு எட்டு வார்த்தை. அதற்கு முந்தைய ஆண்டு நடுக்கடலில் அறுந்து மூழ்கிய கேபிளையும் இரண்டு மைலுக்கு மேல் ஆழத்திலிருந்து கொக்கி போட்டுத் தூக்கி ஒட்டுப்போட்டார்கள். ஆக, இப்போது இரண்டு கேபிள். (நான்கைந்து வருடத்தில் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரைக்கும்கூடக் கடலடிக் கம்பி போய்விட்டது.)

அந்தச் செப்டம்பரில் வாலன்ஷியாவில் இருந்த லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளருக்கு ஓர் ஆசை. நியூஃபவுண்ட்லாந்தில் இரண்டு கேபிளின் முனைகளையும் ஒன்றாக முடிச்சுப்போடச் சொன்னார். இப்போது கம்பி அயர்லாந்தில் கிளம்பி, கடலைத் தாண்டி, திரும்பவும் அயர்லாந்துக்கே வருகிறது, 6,000 கிலோமீட்டருக்கு மேல். பிறகு உள்ளூர்ப் பெண் ஒருத்தியிடம் தைக்கும்போது விரலில் மாட்டும் வெள்ளி அங்குஸ்தானைக் கடன் வாங்கினார். அதில் சில சொட்டு கந்தக அமிலம், ஒரு சின்னத் துத்தநாகத் துண்டு. அவ்வளவுதான் பாட்டரி, ஏறக்குறைய ஒரு வோல்ட். சாவியை அழுத்தினார்கள். ஒரு விநாடி, அதற்கு மேல் கொஞ்சம். அளவுகோலில் வெளிச்சப் பொட்டு ஒரு பக்கமாக நகர்ந்தது.