குட்டி ஆர்க்கிடில் மகரந்தம் வைப்பதற்கு முன்

உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ஆர்க்கிட்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் கலப்பு செய்து பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். ஆர்க்கிட் விதைகளை ஆய்வுக்கூடத்தில் முளைக்க வைப்பது என் தொழில் என்பதால், அவர்கள் அனுப்பும் காய்கள் என் மேசைக்கு வருகின்றன. காய் நன்றாக இருக்கிறது, ஆனால் தாய்ச்செடி வாடிப் போய்விட்டது என்ற செய்தியும் அடிக்கடி கூடவே வருகிறது. பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு அது.

மகரந்தம் வைப்பது எளிது. ஆர்க்கிட் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே தூணாக இணைந்திருக்கும். தூணின் நுனியில் ஒரு சிறு மூடி. அதற்குள் மகரந்தம் தூளாக இல்லாமல் மஞ்சள் உருண்டைகளாகத் திரண்டிருக்கும்; பலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையில் இரண்டு, கேட்லியா வகையில் நான்கு. புதிய பல்குச்சியால் மூடியை மெதுவாக நெம்பினால் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வரும். இன்னொரு பூவின் தூணுக்கு அடிப்பக்கம் பசையாக மினுங்கும் குழியில் அவற்றை வைத்துவிட்டால் சரி. லெபாந்தஸ் என்ற குட்டி ஆர்க்கிட் மாதிரி சில மில்லிமீட்டர் பூ என்றால் பூதக்கண்ணாடியும் கூரான ஊசியும் தேவைப்படும்.

கஷ்டமெல்லாம் செடிக்குத்தான். பல செடிகளில் பூ விரியும்போதே சூல்கள் தயாராக இருக்கும். பெரும்பாலான ஆர்க்கிட்களில் அப்படி இல்லை. மகரந்தம் வந்து சேர்ந்த பிறகுதான் சூல்களே முழுமையாக உருவாகத் தொடங்கும். பலனாப்சிஸில் ஓரிரு நாளில் இதழ்கள் வாடும், காம்பு பருக்கும், ஆனால் கருவுறுதல் நடக்கக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகும். காய் முற்ற நான்கிலிருந்து ஆறு மாதம். கேட்லியா வகைகளில் அது ஒன்பது மாதத்தையும் தாண்டும். அத்தனை நாளும் காய்க்குச் சாப்பாடு போடுவது செடிதான். பெரிய செடிக்குத் தடித்த தண்டிலும் இலையிலும் சேமிப்பு இருக்கிறது. மூன்று இலை மட்டும் உள்ள குட்டிச் செடிக்கு என்ன இருக்கிறது?

அதனால், உங்கள் பராமரிப்பில் ஒரு முறையாவது பூத்து, அதற்கப்புறம் புது இலையும் பச்சை நுனியுள்ள புது வேரும் விட்ட செடியில் மட்டும் காய் பிடிக்க விடுங்கள். ஒரு செடிக்கு ஒரே காய் போதும். மற்ற பூக்களைக் கிள்ளிவிடலாம். ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொண்டும் இலை சுருங்கத் தொடங்கினால், தயங்காமல் காயை வெட்டி எடுங்கள். காய் அடுத்த ஆண்டும் பிடிக்கும். வெட்டும் கத்தியைத் தீயில் காட்டிவிட்டுத் தொடுங்கள், ஏனென்றால் சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்றவை செடியின் சாறு வழியாகத்தான் பரவுகின்றன. ஒரு கலப்புக்குப் பயன்படுத்திய பல்குச்சியை வேறு செடிக்குப் பயன்படுத்தாதீர்கள் என்பதும் இதனால்தான்.

எந்தச் செடியைத் தாயாக்குவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பலத்தைப் பார்த்தால் பெரிய செடியில்தான் காய் விட வேண்டும். ஆனால் குட்டிப் பூவின் மகரந்தக் குழாய், பெரிய பூவின் நீண்ட தூணைக் கடந்து சூலகம்வரை வளராமல் நின்றுவிடலாம். இரண்டு பூக்களின் அளவும் அதிகம் வேறுபடாத ஜோடியைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் திடமானதைத் தாயாக்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம் விதை. தூசி போன்ற ஆர்க்கிட் விதைக்குள் முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பே கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சைதான் அதற்கு ஊட்டுகிறது. இதை 1899இல் கண்டறிந்தவர் நோயல் பெர்னார். பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த அகார் என்ற கடற்பாசிக் கூழில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் காட்டியவர் லூயிஸ் நட்சன். இன்றும் நாங்கள் செய்வது அதன் தொடர்ச்சிதான். எனவே மகரந்தம் வைக்கும் முன்பே ஓர் ஆய்வுக்கூடத்திடம் பேசிவிடுங்கள். காய் வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வெடிக்காத பச்சைக் காய்க்குள் கிருமி இருக்காது, வெளிப்புறத்தைச் சுத்தம் செய்தால் போதும். வெடித்த காயின் விதையை ரசாயனத்தில் கழுவ வேண்டும், அதில் பல விதைகள் வீணாகும். மகரந்தம் வைத்த தேதியையும் பெற்றோர் பெயரையும், தாயை முதலில் போட்டு, காம்பிலேயே கட்டிவிடுங்கள். தேதி தெரியாத காயை எப்போது பறிப்பது என்று எங்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. அப்படியும் காட்டிலிருந்து பிடுங்கிய செடிகள் விற்பனைக்கு வரத்தான் செய்கின்றன. ஒரே மலைச்சரிவில் மட்டும் வாழும் குட்டி இனங்களை ஒரு சிலர் கூடை கூடையாக எடுத்தாலே போதும், அங்கே எதுவும் மிஞ்சாது. உங்களிடம் அரிய இனம் ஒன்று இருந்தால், புதுக் கலப்பினம் உருவாக்குவதைவிட, அதே இனத்தின் வேறொரு செடியோடு சேர்த்து விதை எடுப்பது எவ்வளவோ மேல். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த நாற்று தாராளமாகக் கிடைத்தால், காட்டுச் செடியை வாங்க வேண்டிய தேவை குறையும். இரண்டு செடியும் ஒரே நேரத்தில் பூக்காவிட்டாலும் கவலை இல்லை. மகரந்த உருண்டைகளை ஒரு நாள் உலரவிட்டு, காகிதத்தில் மடித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிய சிறு குப்பியில் போட்டு ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் சில மாதங்கள் உயிரோடு இருக்கும். குப்பியின் மேல் இனத்தின் பெயரும், அந்தச் செடி யாரிடமிருந்து வந்தது என்பதும் எழுதியிருக்கட்டும்.