அஸ்டில்பியின் இலை ஏன் ஓரத்தில் கருகுகிறது?

குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் அஸ்டில்பி என்ற பூச்செடியை வைத்தவர்கள் ஆகஸ்ட் வந்தால் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: பூ நன்றாக வந்தது, அப்புறம் இலையோரமெல்லாம் தீய்ந்துபோனது. நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்களும் உண்டு. அது நோயல்ல, தண்ணீர்க் கணக்கு.

ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஃபெர்ன் போலப் பிரிந்து பிரிந்து போகும் மெல்லிய இலை. ஒவ்வொரு சிற்றிலையின் விளிம்பிலும் ரம்பப் பல். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகப் போகப் போக, நரம்புகளுக்குள் இருக்கும் நீர் அறுபடாத கயிறு போல வேரிலிருந்து மேலே இழுபடுகிறது. வெயில் ஏறி, வேர் தருவதைவிட இலை இழப்பது அதிகமானால் எங்கே முதலில் தட்டுப்பாடு வரும்? வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே. இலைக்குக் கடைமடை அதன் ஓரம்.

வேரும் ஆழமாகப் போவதில்லை. தண்டுக்கிழங்கிலிருந்து நார் நாராகப் புறப்பட்டு மேல்மண்ணிலேயே பரவிவிடும். வெயிலில் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான். பிறந்த இடத்தில் இதனால் ஒரு குறையும் இல்லை. ஜப்பான், கொரியா, சீன மலைகளில் ஓடைக்கரையும் ஈரமான மரநிழலும்தான் இதன் வீடு. இமயமலையில் வளரும் இனத்துக்கு ரிவுலாரிஸ் என்றே பெயர். லத்தீனில் ஓடைக்குரியது என்று அர்த்தம். அஸ்டில்பி என்பது ‘பளபளப்பு இல்லாதது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அந்தப் பெயரைத் தந்தவர் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் பிரான்சிஸ் புக்கானன். 1800இல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கொங்கு, மலபார் என்று சுற்றிக் குறிப்பெழுதினாரே, அவரேதான்.

ஆகவே ஓடைக்கரையை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். காலை வெயில் படட்டும், மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும். அடர்ந்த நிழலில் வைத்தால் இலை இருக்கும், பூ குறையும். மட்கிய இலையை மண்ணில் நிறையக் கலந்து, மேலே மூடாக்குப் போடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, ஊறும்படி ஊற்றுவதே மேல். ஆனால் குளிர்காலத்தில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஈரத்தை நிறுத்த முடியாத மண் என்றால் சீன இனத்து வகைகளை வாங்குங்கள், அவை வறட்சியைக் கொஞ்சம் தாங்கும்.

குளிர்காலத்தில் செடி மண்ணுக்கு மேலே மொத்தமாக மடிந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கிழங்கின் மொட்டுகள் உறக்கத்தில் இருக்கின்றன. வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அந்த உறக்கம் சரியாகக் கலையும். குளிர்காலமே இல்லாத ஊரில் இது சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சங்கதி: ஒவ்வோர் ஆண்டும் புது வளர்ச்சி பழைய கிழங்கின் தலைமேல் உட்காருகிறது. மூன்று நான்கு ஆண்டில் கிழங்கு மண்ணைவிட்டு மேலே துருத்திக்கொண்டு வரும். புது வேர் காற்றில் காயும், பூ சிறுக்கும். அப்போது தோண்டிப் பிரிக்க வேண்டும். நான் முதல்முறை பிரித்தபோது சமையல் கத்தி இறங்கவே இல்லை, நடுப்பகுதி அப்படியே கட்டையாகியிருந்தது. கைரம்பம் எடுத்துத்தான் அறுத்தேன். துண்டுக்கு இரண்டு மூன்று மொட்டு இருந்தால் போதும். நடுக்கட்டையை எறிந்துவிடலாம்.

விதை போடலாமே என்றால், கலப்பின வகைகளின் விதை தாயைப் போல முளைக்காது. ஜெர்மனியின் ரான்ஸ்டார்ஃபில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த கியோர்க் ஆரெண்ட்ஸ், சீன, ஜப்பானிய இனங்களைக் கலந்து பல பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கியவைதான் இன்று தோட்டங்களில் நாம் பார்க்கும் வகைகளில் பல. அடர்சிவப்பில் தீப்பந்தம் போல நிற்கும் ‘ஃபனால்’ 1933இல் வந்தது. இன்று யார் வீட்டில் ஃபனால் பூத்தாலும், அது அந்த ஒரே செடியிலிருந்து பிரித்து, பிரித்து, மறுபடி பிரித்து வந்த துண்டுதான்.