பார்மசி படித்தவர் வார்டுக்குள் நுழையும்போது

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வந்த கையோடு, திருவொற்றியூர், மணலி, வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் மருத்துவமனை மருந்தகத்துக்கு வேலை கேட்டு வருகிறார்கள். பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மருந்தின் வகை, அது வேலை செய்யும் விதம், பக்கவிளைவு என்று எதைக் கேட்டாலும் மடமடவென்று சொல்வார்கள். ஒரு கேஸ் ஷீட்டை (நோயாளியின் நிலையும் டாக்டர் எழுதும் மருந்துகளும் உள்ள குறிப்பை) முன்னால் வைத்து, "இதில் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்றால் வாயடைத்துப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துப் பார்க்கவே பெரும்பாலோருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்காது.

படிப்பின் விவரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டி.பார்ம். என்ற டிப்ளமோ இரண்டு ஆண்டு, அதன்பின் 500 மணி நேரப் பயிற்சி. பி.பார்ம். என்ற பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. பார்ம்.டி. என்ற டாக்டர் ஆஃப் பார்மசி ஆறு ஆண்டு, கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. எதைப் படித்தாலும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்யாமல் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. 1948-ஆம் ஆண்டுப் பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். ஆகவே சான்றிதழ் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் பதிவு.

பி.பார்ம். மாணவர்களுக்கு ஆறாம் செமஸ்டர் முடிந்ததும் நான்கு வாரத்தில் 150 மணி நேரப் பயிற்சி உண்டு. அதை மருந்துத் தொழிற்சாலையிலும் செய்யலாம், மருத்துவமனையிலும் செய்யலாம். நடப்பது என்னவென்றால், தெரிந்தவர் மெடிக்கல் ஷாப்பில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கல்லூரியும் கண்டுகொள்வதில்லை. மருத்துவமனை வேலைதான் வேண்டும் என்று நினைப்பவர் அந்த நான்கு வாரத்தைத் தொலைத்தால், பிறகு நோயாளியின் செலவில்தான் கற்க வேண்டிவரும்.

கற்க வேண்டியது என்ன? இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்தனுப்பினால், 20 என்ற கோடு வரை இழுப்பவருக்கு உண்மையில் போவது 8 யூனிட். கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் அதே கோடு வரை இழுத்தால் 50 யூனிட். சர்க்கரை சரிந்து நினைவு தப்பிவிடும். சீட்டில் சிரிஞ்சின் வகை எழுதப்படாமலே வருவதும் உண்டு. கவுன்ட்டரில் நிற்பவர்தான் இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

இதில் வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. விசைப்படகில் நாள்கணக்கில் கடலில் தங்குபவர்கள் இன்சுலினை மீன் பிடித்துப் போடும் ஐஸுக்குள்ளேயே செருகி வைத்துவிடுகிறார்கள். குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று நாம்தானே சொன்னோம்! ஐஸில் ஒட்டி உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது. உருகிய பிறகு பார்வைக்கு நன்றாகவே தெரிந்தாலும் அதைப் போடக் கூடாது. கரை திரும்பியதும் சர்க்கரை ஏறிக் கிடக்கும், டோஸும் ஏற்றப்படும். "அண்ணா, படகில் மருந்தை எங்கே வைக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். மூடியுள்ள டப்பாவில் துணி சுற்றி, ஐஸில் படாமல் வையுங்கள் என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

அதேபோல மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். பழக்கதோஷத்தில் தினமும் போட்டுவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். உறையில் "வாரம் ஒரு முறை" என்று எழுதினால் போதாது; எந்தக் கிழமை என்று நோயாளியையே சொல்லவைத்து அந்தக் கிழமையை எழுதுங்கள். எங்கள் மருந்தகத்தில் கிழமை எழுதாத உறை வெளியே போகாது.

பெரியவர்கள் வந்தால் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "கஞ்சித் தொட்டியில் கொடுத்த மாத்திரை" என்பார்கள். ஸ்டான்லி மருத்துவமனைக்கு இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. அந்த மாத்திரையில் மெட்பார்மின் என்று சர்க்கரை மருந்தின் பெயர் இருக்கும். தனியார் டாக்டர் எழுதிய அட்டையில் அதே மெட்பார்மினுக்குக் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார்.

வார்டுக்குள் போனால் கணக்கு வேலை வரும். 65 வயது ஆண், எடை 50 கிலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் 3.2. மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஒரு கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருக்கிறது. 140-இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கிவந்த தொகையால் வகுத்தால் ஏறத்தாழ 16 வரும்; சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண் இது. அந்த அளவு சிறுநீரகத்துக்கு 500 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இந்தச் சூத்திரம் கல்லூரியில் எல்லோரும் படித்ததுதான். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்வதில்தான் தயக்கம்.

போனில் "டோஸ் தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். படுக்கை எண், கிரியாட்டினின், உங்கள் கணக்கு, நீங்கள் சொல்லும் மாற்று டோஸ் ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர், இப்படிக் குறைக்கலாமா?" என்று கேளுங்கள். சிலர் எரிந்துவிழுவார்கள். நோயாளியின் நிலையைப் பார்த்து வேண்டுமென்றே அதிகமாக எழுதினேன் என்று சிலர் காரணம் சொல்வார்கள். அதுவும் நமக்குப் பாடம். என்ன பதில் வந்தாலும் நேரம் போட்டுக் குறித்து வையுங்கள்.

ஸ்டாக் வைப்பதும் சாதாரண வேலை இல்லை. பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூல் (ஊசி மருந்துச் சிறு குப்பி), கை மாறிவிடும் என்பதால், ஊசிக்கான தண்ணீர் ஆம்பூலுக்கு அருகில் இருக்கவே கூடாது. கலக்காமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். வார்டு சிஸ்டர் அவசரம் என்று மொத்தமாகக் கேட்டாலும், யாருக்கு, எதில் கலக்க என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

சம்பளத்தை மறைத்துப் பேசி என்ன பயன்? தொடக்கத்தில் குறைவுதான், இரவுப் பணியும் உண்டு. சில இடங்களில் பில் போடவும் பெட்டி இறக்கவும் மட்டுமே ஆள் எடுக்கிறார்கள். அதனால் நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மருந்தாளுநர் இங்கே கேஸ் ஷீட்டைப் பார்க்க முடியுமா? முடியாது என்றால், வேறு வழியில்லாவிட்டால் ஓராண்டு இருந்து ஸ்டாக் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு வேறு மருத்துவமனை பாருங்கள்.