மஸ்னவி: இரண்டிரண்டாகத் தொடுத்த கதை

பாரசீகக் காதல் காப்பியங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘மஸ்னவி’யை ‘ஈரடிச் செய்யுள்’ என்று பெயர்ப்பதுண்டு. எனக்கு அதில் நிறைவில்லை. குறளும் ஈரடிதான்; ஆனால் ஒரு குறள் தன் கையிலுள்ள கதையை அடுத்த குறளிடம் கொடுப்பதில்லை. மஸ்னவியின் உயிரே அந்தக் கைமாற்றில்தான் இருக்கிறது.

‘இரண்டிரண்டாக’ என்று பொருள்படும் ‘மத்னா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது இது. பாரசீகர் நாவில் ‘த’ ‘ஸ’ ஆயிற்று. பெயர்தான் அரபு, வடிவம் வளர்ந்தது பாரசீகத்தில். கஸல் என்ற பாரசீகப் பாடல் வடிவம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே இயைபை, அதாவது அடியின் கடைசியில் வரும் ஒலி ஒப்புமையை, சுமக்கும். ஆயிரக்கணக்கான அடிகளில் கதை சொல்ல அது ஒத்துவருமா? மஸ்னவியில் ஒவ்வோர் இணையடிக்கும் தனி இயைபு. பாரசீகச் சூஃபிக் கவிஞர் ரூமியின் ‘மஸ்னவி’ என்றே பெயர்பெற்ற நூலின் புகழ்பெற்ற தொடக்கத்தில் ‘ஹிகாயத்’ (கதை), ‘ஷிகாயத்’ (முறையீடு) இரண்டும் இயைகின்றன. அடுத்த இணையில் இயைபு மாறிவிடும், கதை நகரும்.

இந்த வடிவத்துக்குள் நம் நளன் கதையும் போயிருக்கிறது. அக்பர் கேட்டுக்கொள்ள, அவரது அரசவைக் கவிஞர் ஃபைஸி 1594இல் ‘நல்-தமன்’ பாடினார். 4,000க்கும் மேற்பட்ட இணையடிகள். தமயந்திதான் ‘தமன்’. மகாபாரதத்தில் இது வனத்தில் தருமனுக்கு முனிவர் சொல்லும் கிளைக்கதை. ஃபைஸி அதைத் தனிக்காப்பியமாக்கி, பாரசீகக் கவிஞர் நிஜாமியின் ‘லைலா–மஜ்னூன்’ காதல் காப்பியத்தின் சந்தத்தில் ஓடவிட்டார். இறைவாழ்த்து, நபி புகழ், அரசன் புகழ், நூல் பிறந்த காரணம் என்று நீளும் மஸ்னவி மரபின் முகப்பு நம் பாயிரத்துக்கு நெருங்கிய உறவு. அதே நளனைப் புகழேந்தி வெண்பாவில் பாடினார். அங்கே நாலடிக்கொரு முறை கதை நின்று மூச்சுவிடும்.

சரி, தமிழ்ச்சொல்? ‘கண்ணி’ என்பேன். பூக்களை இரண்டிரண்டாக இணைத்துக் கட்டும் மாலைக்குக் கண்ணி என்று பெயர். உலாவிலும் தூதிலும் இரண்டிரண்டு அடிகள் ஓர் எதுகையில் இணைந்து நீளும்:

“இருந்தமிழே உன்னால் இருந்தேன் இமையோர்
விருந்தமிழ்தம் என்றாலும் வேண்டேன்”

இருந்தமிழ், விருந்தமிழ்து: பாரசீகம் அடியின் கடைசியில் போடும் முடிச்சைத் தமிழ் முதலில் போடுகிறது. வேறுபாடு அவ்வளவே. ஆகவே கதை சொல்லும் மஸ்னவியைக் ‘கதைக்கண்ணி’ எனலாம். ரூமியின் நூலுக்குப் பெயராக வரும் இடத்தில் மட்டும் ‘மஸ்னவி’ அப்படியே இருக்கட்டும்.