கேஸ்லைட்டிங்: தமிழில் மருளூட்டல்

கேஸ்லைட்டிங் என்றதும் நம் ஆட்களுக்கு அடுப்பு பற்றவைக்கும் லைட்டர்தான் ஞாபகம் வரும். விஷயம் அதுவல்ல. "நான் எப்ப அப்படிச் சொன்னேன்? உனக்குத்தான் ஏதோ பிரமை." ஒரு தடவை சொன்னால் அது வெறும் பொய். கேட்பவள் தன் கண்ணையும் காதையும் தானே நம்பாமல் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தால் அது கேஸ்லைட்டிங்.

பேட்ரிக் ஹாமில்டன் 1938-ல் எழுதிய 'கேஸ் லைட்' நாடகத்திலிருந்து கிளைத்த சொல். கதை நடப்பது 1880-ன் லண்டனில். பூட்டிக் கிடக்கும் மேல்மாடியில் கணவன் இரவில் திருட்டுத்தனமாக நகை தேடுகிறான். அங்கே அவன் எரிவாயு விளக்கை ஏற்றினால், வாயு பங்குபோய், கீழே மனைவியின் விளக்கு மங்குகிறது. கண்ணெதிரே மங்குவதையும் தன் கோளாறோ என்று அவள் அஞ்சுகிறாள். அந்த அளவுக்கு அவளைக் கொண்டுவந்தது எது? சுவரில் மாட்டிய படம் காணாமல் போகும். ஒளித்தவன் அவனே. வேலைக்காரப் பெண்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே மனைவியைக் குறுக்கு விசாரணை செய்வான். அவள் நேரே ஒளித்த இடத்துக்கே போய் எடுத்து வருவாள். முன்பும் அங்கேதானே கிடந்தது! உடனே 'இடம் தெரிகிறதே, ஒளித்தது நீதான்' என்று அதுவே அவள்மேல் குற்றமாகும்.

அன்றைய இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த சட்டம் வந்ததே 1882-ல்தான். வீட்டில் கணவன் சொல்தான் சாட்சி, அவனே நீதிபதி.

இந்த நாடகத்தை வைத்து 1944-ல் வந்த ஹாலிவுட் படம், மனைவியாக நடித்த இங்கிரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. 2022-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'கேஸ்லைட்டிங்'கை ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது. அதற்குள் சாதாரணப் பொய், கருத்து வேறுபாடு எல்லாவற்றுக்கும் இதே பெயரை ஒட்டத் தொடங்கிவிட்டார்கள்.

தமிழில்? 'மூளைச்சலவை' பொருந்தாது, அது ஒரு கொள்கையை உள்ளே திணிப்பது. இங்கே நடப்பது இருக்கும் தெளிவைப் பிடுங்குவது. என் ஓட்டு 'மருளூட்டல்' என்பதற்கு. 'பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும்' மயக்கத்தைத்தான் குறள் மருள் என்கிறது (351). இந்தக் கணவன் செய்வது அதன் மறுபக்கம்: உள்ளதையே இல்லையென்று நம்பவைக்கிறான். மருளுக்கு எதிர்ச்சொல் தெருள் என்பதால், அதிலிருந்து மீள்வதற்கும் 'தெருளுதல்' என்று கையிலேயே ஒரு சொல் இருக்கிறது.

கட்டுரையில் எழுத இது போதும். அடுப்படியில் நம் பெண்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்: "என்னைப் பைத்தியக்காரி ஆக்கப் பாக்குறியா?"