சாயங்காலம் ஆனால் ஆயா ஏன் வீட்டைத் தேடுகிறார்?

தண்டையார்பேட்டையில் எங்கள் ஆயா இருக்கும் வீடு ஒரு நீளமான சந்துக்குள் இருக்கிறது. முன்னால் ஒரு கதவு, உள்ளே போகப் போக இருட்டு. பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட் போட்டால்தான் முகம் தெரியும். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, மறதி நோய் வந்து நாலு வருஷம். காலையில் அமைதியாக இருப்பார். சாயங்காலம் ஆறு மணி நெருங்கினால் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "வூட்டுக்குப் போவணும். அம்மா தேடும்." "இதான் ஆயா உன் வூடு" என்று சொன்னால் கோபம் வரும். சில நாள் அழுகை.

அக்கம்பக்கத்தில் "அறளை பேர்ந்துடுச்சு" என்பார்கள். வீம்பு என்றும் சிலர் சொல்வார்கள். வீம்பு இல்லவே இல்லை. டிமென்ஷியா என்ற இந்த மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போது குழப்பமும் பதற்றமும் கூடும். டாக்டர்கள் இதை சன்டவுனிங் என்கிறார்கள். ஒரே காரணத்தால் வருவதில்லை. ஆனால் நம் வீடுகளில் நாம் கவனிக்கத் தவறுகிற காரணம் ஒன்று உண்டு: பகல் வெளிச்சம்.

இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடியில் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி இருக்கிறது. ஏறக்குறைய 20,000 நரம்பு செல்கள். உடம்பின் கடிகாரம் இதுதான். எப்போது தூக்கம், எப்போது விழிப்பு, எப்போது உடல் சூடு ஏற வேண்டும் என்பதெல்லாம் இதன் தாளத்தில் நடக்கிறது. பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரத்தின் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தினமும் திருத்திவைக்க வேண்டும். திருத்துவது வெளிச்சம். விழித்திரையில் இதற்கென்றே தனி செல்கள் உண்டு. நீல நிறம் கலந்த பகல் வெளிச்சத்துக்கு அவை நன்றாகத் துடிக்கும்.

முதுமையில் இந்த ஏற்பாடு பல இடங்களில் ஆட்டம் காண்கிறது. கண்ணின் லென்ஸ் பழுத்து மஞ்சளாகி, முக்கியமாக அந்த நீல வெளிச்சத்தையே தடுக்கிறது. டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்சைமர் நோயில் கடிகாரப் பகுதியின் செல்களும் அழிகின்றன. இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் குறைகிறது. பகலுக்கும் இரவுக்கும் இருந்த வித்தியாசமே மங்கிவிடுகிறது.

இதோடு எங்கள் சந்து வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெளியே வெயிலில் 50,000 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருக்கும். வாசல் நிழலில்கூடச் சில ஆயிரம். வீட்டுக்குள் ஒற்றை டியூப்லைட்டின் கீழே நூறு, இருநூறு லக்ஸ் இருந்தால் அதிகம். விழுந்துவிடுவார், தொலைந்துவிடுவார் என்று பயந்து நாம் அவரை உள்ளறையிலேயே வைத்திருக்கிறோம். அவருடைய கடிகாரத்துக்குப் பகல் வரவே இல்லை.

நெதர்லாந்தில் 12 காப்பகங்களில் 189 முதியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. சில காப்பகங்களின் கூடங்களில் பகல் முழுவதும் சுமார் 1,000 லக்ஸ் வெளிச்சம் வைத்தார்கள், மற்றவற்றில் 300. வெளிச்சம் கூடுதலான இடங்களில் நினைவாற்றல் சரிவது கொஞ்சம் மெதுவானது, மனச்சோர்வும் குறைந்தது. வெளிச்சம் கூட்டாமல் மெலடோனின் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு மனநிலை கெட்டது. வெளிச்சம் நோயைக் குணமாக்காது. ஆனால் ஒரு மாத்திரைக்கு ஏங்குகிற அளவு இதற்கும் ஏங்கலாம் என்பது என் எண்ணம். நம் ஊரில் காலை வெயிலுக்குக் காசு கிடையாது.

சாயங்காலம் வேறு சிலதும் ஒன்றாக வந்து விழுகின்றன. நாள் முழுக்க எது என்ன, யார் யார் என்று தடவித் தடவிப் பார்த்து மூளை களைத்திருக்கும். மங்கலில் கொடியில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும். அதே நேரத்தில்தான் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள், குக்கர் விசிலடிக்கிறது, சீரியல் ஓடுகிறது.

அதனால் அத்தை சிலவற்றை மாற்றினார். காலை ஏழு மணிக்கு ஆயா வாசல்படியில், பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு. வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, அதனால் நாமே ஞாபகப்படுத்திக் கொடுக்க வேண்டும். மடியில் ஒரு முறம், உரிக்கப் பூண்டு. கைப்பழக்கத்தைக் காக்கும் மூளைப் பகுதிகள் வேறு என்பதால், பேரன் பெயர் மறந்த பிறகும் பூண்டு உரிக்க வருகிறது. மதியத் தூக்கம் அரைமணி. மூன்று மணிக்கு மேல் டீ இல்லை. இருட்டுவதற்கு முன்பே, ஐந்து மணிக்கே எல்லா விளக்கும் எரியும். "வூட்டுக்குப் போவணும்" என்றால் இப்போது யாரும் மறுப்பதில்லை. "உங்க வூட்டுல இன்னிக்கு என்னா கொழம்பு?" என்று அத்தை கேட்பார். பேச்சு அங்கே போய்விடும். சில நாள் இதுவும் பலிக்காது, அப்போது சந்துமுனை வரை கைபிடித்து நடந்து திரும்புவார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் அது சன்டவுனிங் இல்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், வலி என்று ஏதாவது இருக்கலாம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து கிளினிக்கோ, உடனே காட்ட வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் வாங்கும் தூக்கம் வரவைக்கிற பழைய வகை மாத்திரைகள், நினைவுக்குத் தேவையான அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தையே தடுக்கும். அமைதிப்படுத்தக் கொடுக்கும் சில மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. டாக்டர் சொல்லாமல் தொடங்கவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். பார்த்துக்கொள்கிறவருக்கு யாரிடமாவது கேட்க வேண்டும் என்றிருந்தால், முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணமில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு ஆயா விழிப்பது மட்டும் மாறவில்லை. வெகுநாள் அதையும் நோய்க்கணக்கிலேயே சேர்த்திருந்தோம். அப்புறம் அத்தைதான் சொன்னார்: முப்பது வருஷம் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு அவர் எழுந்த நேரம் அது. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய மீன்கூடை இருக்கிறது. கையால் தடவிப் பார்க்கிறார், பல நாள் அப்படியே திரும்பப் படுத்துக்கொள்கிறார்.